கண் டாக்டர் வீட்டு இரண்டு கார்கள்

யாரும் உட்காராத இருக்கைக்கு அந்தக் கார் பெல்ட் போடச் சொன்னது.

அவள் சாவியைப் பாதிதான் திருப்பியிருந்தாள். எஞ்சினை இன்னும் கிளப்பவில்லை. வட்ட வட்டமான ஐந்து மீட்டர்களிலும் முள்கள் ஒருமுறை துள்ளிப் படுத்தன. சின்னச் சின்ன விளக்குகள் எரிந்து ஒவ்வொன்றாக அணைந்தன. மார்பின் குறுக்கே பட்டை போட்ட சிவப்பு மனித உருவம் மட்டும் அணையவில்லை. கூடவே ஒரு மணி, அவசரமே இல்லாமல், கண்டிப்பான டீச்சர் மேசையில் பென்சிலால் தட்டுவதைப் போல, டிங், டிங், டிங். அவள் தன் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். மாட்டித்தான் இருந்தது. பக்கத்து இருக்கையில் கைப்பைகூட இல்லை. கறுப்புத் தோல், தையல் ஓரங்களில் வெளுத்து, நடுவில் யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி லேசாகக் குழிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழி கொஞ்சம் ஆழமானது போலத் தோன்றியது.

"அண்ணா, ஆளே இல்லாத சீட்டுக்கு பெல்ட் போடச் சொல்லுது."

"சென்சார் போயிருக்கும்." குரல் காரின் பின்னாலிருந்து வந்தது. இந்த வெள்ளி நிறக் காருக்கு எஞ்சின் பின்பக்கம். அண்ணன் மூடியைத் தூக்கித் தலையை உள்ளே விட்டிருந்தான். "இருபது வயசான வண்டி. கொஞ்சம் பிரமை பிடிக்கத்தான் செய்யும். உனக்கும் எனக்கும் பிடிக்கலையா?"

அவள் சிரித்தாள். சிரித்ததும் கண் கலங்கியது. இந்தக் குரல் தன்னிடம் பேசி ஆறு வருடமாகிறது. அம்மாவின் கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரியா வீடா என்று தொடங்கிய பேச்சு, அம்மா போன அன்று வாசலில் வைத்து அண்ணன் சொன்ன ஒரே ஒரு வார்த்தையில் முறிந்துபோனது. அதற்குப் பிறகு அவன் பட்டறை இருந்த தெருப் பக்கமே அவள் போகவில்லை. போன மாதம் அவளாகவே போன் செய்தாள். பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க வேண்டும், பார்த்துச் சொல்ல நம்பகமான ஆள் இல்லை என்றாள். அண்ணன், "மாடல் என்ன?" என்று மட்டும் கேட்டான். அந்த இரண்டு சொற்களுக்காக அவள் இரண்டு கார்கூட வாங்கியிருப்பாள்.

விலைக்கு வந்த இரண்டு கார்களும் ஒரு கண் டாக்டருடையவை. தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர், ஒல்லி, சட்டையில் மடிப்புக் கலையாத ஆள். சரிவான தெருவின் கடைசி வீடு. மதியம் மூன்று மணிக்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. கூடத்தில் விளக்குப் போட்டு உட்காரச் சொன்னார். மூலையில் இன்னொருவர் சுவரைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் சட்டையிலும் அதே மடிப்பு, பின்கழுத்தில் அதே கத்தரித்த நரை. வந்தவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"தம்பி" என்றார் டாக்டர். "ரெண்டு வண்டியும் எங்களோடதுதான். வெள்ளி எனக்கு, பச்சை அவனுக்கு."

"அவர் இப்ப ஓட்டறதில்லையா?" என்றான் அண்ணன்.

"இப்ப அவன் எதுவும் பண்றதில்ல." டாக்டர் தம்பியைப் பார்க்காமலேயே சொன்னார். "ரெண்டையும் ஓட்டிப் பாருங்க. ஒண்ணைத்தான் கொடுப்பேன்."

வீட்டுக்குக் கீழே, சரிவில் இறங்கினால் கார் நிறுத்தும் இடம். கையிலிருந்த ரிமோட்டை அழுத்தி உருட்டு ஷட்டரைத் தூக்கிவிட்டு டாக்டர் சரிவின் மேலேயே, மழையில் குடையோடு நின்றுகொண்டார். "சாவி ரெண்டும் தூண்ல மாட்டியிருக்கு" என்று அங்கிருந்தே கை காட்டினார். தன் வண்டியைக் காட்டும் மனிதன் கிட்டே வந்து நின்று பெருமை அடிப்பான், பொய் சொல்வான், டயரைத் தட்டுவான். இவர் வாசற்படியைக்கூட மிதிக்கவில்லையே என்று அவளுக்கு அப்போது தோன்றியது. அண்ணனுக்குத் தோன்றவில்லை. அவன் கார்களைப் பார்த்துவிட்டிருந்தான்.

பக்கத்துப் பக்கத்தில் நின்றன. வெள்ளி சின்னது, உருண்டை விளக்கும் சரிந்த முதுகுமாகப் பாயப் பதுங்கியது போல இருந்தது. பச்சை நீண்ட மூக்கு, தாழ்ந்த கூரை, கிணற்றுப் பாசியின் கருமை. இரண்டுக்கும் இரண்டிரண்டு கதவு. அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கருவிப் பெட்டியைத் தரையில் வைத்து, முதலில் வெள்ளிக்கு அடியில் படுத்துப் பார்த்தான், பிறகு பச்சைக்கு. "வெள்ளியில ஆயில் கசிவு இருக்கு, ஆனா உயிருக்கு ஆபத்தில்ல. பச்சையில ஒரு சொட்டு கிடையாது. துருவும் இல்ல. இவ்வளவு சுத்தமா இருந்தா எனக்குப் பிடிக்காது, எலி."

எலி என்று அவன் மட்டும்தான் கூப்பிடுவான். சின்ன வயதில் வீட்டில் யாருக்கும் கேட்காத சத்தம் அவளுக்குக் கேட்கும். அந்தக் காதுதான் பின்னால் அவளுக்குத் தொழிலும் ஆனது. இருபது வருடத்துக்கு மேலாகக் காது பரிசோதிக்கிறாள். ஒலி புகாத சின்ன அறையில் ஆட்களை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்பி, கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வாள். சிலர் அவள் ஒன்றுமே அனுப்பாதபோதும் அழுத்துவார்கள். பயந்தவர்கள், தோற்றுப்போகக் கூடாது என்று நினைப்பவர்கள். அவர்களை அவள் கடிந்துகொண்டதே இல்லை. ஆனால் தன் காதை அவள் நம்புகிற அளவுக்கு அவர்கள் காதை நம்பியதும் இல்லை.

முதலில் வெள்ளியை ஓட்டிப் பார்த்தார்கள். அண்ணன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டியதும் மணி நின்றது. "பாத்தியா, ஆள் வேணும்னு கேட்டிருக்கு" என்றான். மழையில் நனைந்த சாலையில் கார் அவள் கைக்குள் துடித்தது. கியர் கனமாக, ஆனால் சரியாக விழுந்தது. பின்னாலிருந்து எஞ்சின் உறுமுவது முதுகெலும்பில் ஏறியது. அண்ணன் காலை நீட்ட இடம் போதாமல் இருக்கையைப் பின்னால் தள்ளினான். அது ஒரு விரற்கடை நகர்ந்து, எதிலோ முட்டி நின்றது.

"பின்னாடி என்ன வச்சிருக்கார்?"

பின்னால் குழந்தைகள் மட்டுமே உட்காரக்கூடிய இரண்டு சின்ன மெத்தைகள். கண்ணாடியில் பார்த்தாள். காலி. அண்ணன் கையைப் பின்னால் விட்டுத் துழாவினான். சட்டென்று கையை இழுத்துக் கால்சட்டையில் துடைத்தான்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. ஈரம்."

"மழைத்தண்ணி ஒழுகுதா?"

"இல்ல." விரல்களைத் தேய்த்துப் பார்த்தான். "சூடா இருக்கு."

வைப்பர் இடமும் வலமும் போய்வந்தது. பிறகு அண்ணன், சாலையைப் பார்த்தபடியே, ஆறு வருடமாகத் தொண்டையில் வைத்திருந்ததை எடுப்பது போல மெதுவாகச் சொன்னான்.

"எலி, அம்மா விஷயத்துல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"விடு அண்ணா."

"விட முடியல. உன்னைப் பாக்கற தைரியம் இல்லாமத்தான் வரல."

அவள் ஸ்டியரிங்கை விட்டு ஒரு கையை எடுத்து அவன் கையைப் பிடித்தாள். இன்னும் லேசாக ஈரமாக இருந்தது. அதை அவள் பொருட்படுத்தவில்லை. கார் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வந்த வேலை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தாள்.

திரும்பி வந்து பச்சையை எடுத்தார்கள். வெள்ளி சிரமப்பட்ட இடத்தில் இது வழுக்கிக்கொண்டு போனது. கதவு மூடிய சத்தமே தனி. மழை, தெரு, உலகம் எல்லாவற்றையும் கத்தரித்துப் போட்டது. உள்ளே பழைய தோலும் மெழுகும் மணத்தன. அதற்கடியில் இன்னொரு மணம், வெகுநேரம் மூடிக்கிடந்த வாயின் மணம். அண்ணன் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டான். "அது நம்மோட சண்டை போடற வண்டி. இது சொன்னதைக் கேக்கற வண்டி. எது வேணும்னு நீயே சொல்லு."

சொன்னதைக் கேட்கிற வண்டி. சரியாகத்தான் சொன்னான்.

சிக்னலில் நின்றபோது அவளுக்கு அது கேட்டது. எஞ்சினின் சீரான முனகலுக்கு அடியில், அவள் அறையில் அனுப்பும் ஆகக் குறைந்த ஒலியைவிடவும் கொஞ்சம் குறைவாக, ஒரு குரல். முதலில் ரேடியோ என்று கை போனது. ரேடியோ இருந்த இடத்தில் வெறும் மூடிதான் இருந்தது. பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் நகரவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

எலி, அம்மா விஷயத்துல.

அண்ணனைப் பார்த்தாள். கண் மூடியிருந்தது. உதடும் மூடியிருந்தது.

எலி, அம்மா விஷயத்துல நான். எலி. எலி, அம்மா.

அண்ணன் குரல்தான். ஆனால் 'எலி'யில் அழுத்தம் தப்பாக விழுந்தது. மறுபடி சொன்னது. இந்த முறை கொஞ்சம் சரியாக. பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைப் போல, தப்பு செய்து, நிறுத்தி, முதலிலிருந்து. நடுவில் இன்னொரு குரலும் வந்தது. விடு அண்ணா. அவளுடைய குரல். அவள் வெள்ளிக் காரில் அரை மணி முன்னால் சொன்னது.

"உனக்குக் கேக்குதா?"

"என்னது?" பட்டறைச் சத்தம் அவன் காதைப் பாதி தின்றிருந்தது. "எஞ்சின் பெல்ட் கீச்சிடுதா? வெளியே எடுத்து மாத்திடலாம்."

"பெல்ட் இல்ல. யாரோ பேசறாங்க."

அவன் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "சரி, போயிடலாம். உனக்குப் பிடிக்கலைன்னா ரெண்டும் வேண்டாம். வேற பாத்துக்கலாம்."

திரும்பும் வழி முழுவதும் அவள் பேசவில்லை. பேசினால் அந்தக் குரலுக்கு ஒப்பிக்க இன்னும் கொஞ்சம் கிடைத்துவிடும் என்று பயந்தாள்.

பச்சையை வெள்ளிக்குப் பக்கத்தில் பழைய இடத்திலேயே நிறுத்தினாள். சாவிகளைத் தூணில் மாட்டினாள். அண்ணன் சிதறிக் கிடந்த கருவிகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட ஆரம்பித்தான். "நீ மேலே போய் டாக்டர்கிட்ட சொல்லு. ரெண்டே நிமிஷம், வந்துடறேன்."

அவனைத் தனியே விட்டுவிட்டுப் போகாதே என்று உள்ளே ஏதோ சொன்னது. ஆனால் ஐம்பது வயதில், பட்டப்பகலில், அண்ணனை ஷெட்டில் விட்டுப் போகப் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? போனாள்.

டாக்டர் கூடத்தில் நின்றுகொண்டே இருந்தார்.

"எது?"

"ரெண்டும் வேண்டாம் டாக்டர். மன்னிச்சுக்கங்க."

"அப்படி இல்லம்மா." அவர் ஒரு அடி முன்னால் வந்தார். "ரெண்டுலயும் உக்காந்தாச்சு. இனி ஒண்ணை எடுத்துத்தான் ஆகணும். கீழே யாரு, உங்க அண்ணனா?"

"ஏன் கேக்கறீங்க?"

"தனியாவா விட்டுட்டு வந்தீங்க?"

மூலையில் நாற்காலி கிரீச்சிட்டது. சுவரைப் பார்த்திருந்தவர் முதல்முறையாகத் திரும்பினார். டாக்டரின் முகமே, கொஞ்சம் இளமையாக. கண்கள் அவள் மேல் இல்லை, அவள் வாயின் மேல் இருந்தன. உதடு மெல்லப் பிரிந்தது.

"எது?" என்றார், டாக்டரின் குரலில். "எது? எது?"

டாக்டர் அவரைப் பார்க்கவேயில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கை பனிக்கட்டி மாதிரி இருந்தது. "நான் அன்னிக்குக் கதவைத் திறக்கறதுல அவசரப்பட்டுட்டேன்" என்றார் கிசுகிசுப்பாக. "நீங்க நிதானமா பாத்து எடுங்க. நிதானமா."

கீழே ஷட்டர் உருள ஆரம்பிக்கும் சத்தம் கேட்டது. டாக்டர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். கையில் ஒன்றுமில்லை.

அவள் ஓடினாள். சரிவில் வழுக்கி, முழங்கால் தேய்ந்து, எழுந்து, ஓடினாள். ஷட்டர் தலை உயரத்துக்கு இறங்கியிருந்தது. மெதுவாக, தகரம் தகரமாக, இறங்கிக்கொண்டே இருந்தது. குனிந்து உள்ளே போனாள்.

கருவிப் பெட்டி தரையில் திறந்து கிடந்தது. அண்ணன் இல்லை.

"எலி!"

வெள்ளிக் காரிலிருந்து.

"எலி, திற! உள்ளேர்ந்து திறக்க முடியல!"

பச்சைக் காரிலிருந்து.

ஒரே குரல். ஒரே மூச்சிரைப்பு. இரண்டு கார்களிலும் ஓட்டுநர் இருக்கையில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். இரண்டிலும் அதே மடித்த சட்டைக் கை. இரண்டிலும் கன்னத்தில் அதே ஆயில் கறை. இரண்டு பேரும் கண்ணாடியை உள்ளிருந்து அறைந்தார்கள். இரண்டும் இரட்டைப் பூட்டு விழுந்த பழைய ஜெர்மன் கதவுகள்; வெளியிலிருந்து சாவி போட்டால்தான் திறக்கும்.

அவள் தூணிலிருந்து இரண்டு சாவிகளையும் பிடுங்கினாள்.

"எலி, அது நான் இல்ல!" என்றான் வெள்ளிக் காரில் இருந்தவன்.

"எலி, அது நான் இல்ல!" என்றான் பச்சைக் காரில் இருந்தவன்.

காதைத் தீட்டிக் கேட்டாள். வாழ்நாள் முழுக்க அதைத்தானே செய்தாள். 'எலி'யில் அழுத்தம். சரி. இரண்டிலும் சரி. மூச்சு இழுக்கும் இடம். இரண்டிலும் ஒன்றே. அந்தக் காதுக்கு முதல்முறையாக ஒன்றும் தெரியவில்லை.

பிறகு பார்த்தாள்.

வெள்ளிக் காரின் கண்ணாடி பனித்திருந்தது. உள்ளே மூச்சு முட்ட முட்ட, ஆவி படர்ந்து, வெளுத்து, அதன் பின்னால் அண்ணன் முகம் கலங்கலாகத் தெரிந்தது. உள்ளங்கை அடித்த இடத்தில் நீர் வழிந்தது. பச்சைக் காரின் கண்ணாடி துல்லியமாக இருந்தது. ஒரு துளி ஆவி இல்லை. அந்த முகத்தின் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. வாய் திறந்து கத்தியது, கை கண்ணாடி மேல் அங்குமிங்கும் அலைந்தது. கண்ணாடி தெளிவாகவே இருந்தது.

மூச்சு விடுகிறவன்தான் அண்ணன்.

ஷட்டர் மார்பளவுக்கு வந்துவிட்டது.

வெள்ளியில் சாவியைப் போட்டாள். கதவு திறந்தது. அண்ணன் வெளியே விழுந்தான், அவளைக் கட்டிக்கொண்டான். சூடாக இருந்தான். நெஞ்சு அடித்துக்கொண்டது. வியர்வை நாறியது. அவள் அழுதுவிட்டாள்.

"வா, வா, ஓடு" என்றான். "அதைப் பாக்காதே."

அவள் கையை இறுகப் பிடித்து இழுத்தான். இன்னொரு சாவி விரலிலிருந்து நழுவி, எங்கோ தரையில் தெறித்தது. இருவரும் குனிந்து, ஷட்டருக்கு அடியில் நுழைந்து, வெளியே மழைக்குள் வந்தார்கள். ஷட்டர் இடுப்பளவு. முழங்கால் அளவு.

அவள் திரும்பினாள். பார்க்காதே என்று சொன்னதால்தான் திரும்பினாள். சரிவின் ஈரச் சிமெண்டில் மண்டியிட்டாள். ஷட்டர் இறங்க இறங்கத் தலையைத் தாழ்த்தினாள். கன்னம் தரையில் பட்டது. அங்கிருந்து, கீழிருந்து மேலாக, பச்சைக் காரின் கண்ணாடி தெரிந்தது.

அதில் ஆவி படர்ந்துகொண்டிருந்தது.

கீழ் ஓரத்திலிருந்து, வெள்ளையாக, மேலே ஏறியது. பாதி முகத்தை மறைத்தது. மடித்த சட்டைக் கை ஒன்று வந்தது. ஆவியைத் துடைத்தது. முகம் தெரிந்தது. மறுபடி ஆவி. மறுபடி சட்டைக் கை. அவசர அவசரமாக, ஒரு துளி விடாமல்.

அவளுக்குத் தன் முகம் தெரிய வேண்டுமென்று அவன் துடைத்துக்கொண்டே இருந்தான். ஆரம்பத்திலிருந்தே துடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா!"

அவள் கையை உதறினாள். பிடி விடவில்லை. இறுகியது. சூடாக, ஈரமாக.

"வா எலி" என்றது பக்கத்தில் நின்ற குரல், கனிவாக, ஒரு பிசிறும் இல்லாமல். "வீட்டுக்குப் போலாம்."

ஷட்டருக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அந்த வழியே கடைசியாகத் தெரிந்தது அதுதான். சட்டைக் கை எழுந்தது. கண்ணாடியில் பாதி வட்டம் வரை போனது. அங்கேயே நின்றது. நழுவி இறங்கியது. அது துடைத்த பாதி வட்டமும், ஓரங்களிலிருந்து, மெல்ல மெல்ல வெளுத்தது.